ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல்

பெட்ரோல் விலை ஏறினால் நாடு முழுக்க எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் வீட்டில் மட்டும் அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றுவாள். டிவியில் 'இன்று நள்ளிரவு முதல்' என்று ஆரம்பிக்கும்போதே அவள் கை தீப்பெட்டியைத் தேடும். "எவ்ளோ ஏத்தியிருக்கான்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். ஏற்றியது கொஞ்சம்தான் என்றால் அம்மாவின் முகம் வாடிவிடும். "இவ்ளோதானா?" என்பாள். தேசத்துரோகம் என்று ஒன்று இருந்தால் அது நம் வீட்டு அடுப்படியில்தான் நடக்கிறது என்று அப்பா என்னிடம் முணுமுணுப்பார்.

எல்லாம் என் அக்காவுக்காக.

அக்காவை மரக்காணத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். புதுச்சேரி எல்லை கனகசெட்டிக்குளத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் தமிழ்நாடு. எல்லைக்கு இந்தப் பக்கம் பெட்ரோலுக்கு வரி குறைவு, அந்தப் பக்கம் அதிகம். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு இரண்டு 'தண்ணி'க்காக வருவார்கள்: ஒன்று மனுஷன் குடிப்பது, இன்னொன்று வண்டி குடிப்பது. என் அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, இரண்டாவது ரகம். விலை ஏற ஏற இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசமும் ஏறும். வித்தியாசம் ஏறினால் மாமா கட்டாயம் வருவார். மாமா வந்தால் அக்காவும் வருவாள். அம்மாவின் கற்பூரத்துக்கு இதுதான் கணக்கு.

கல்யாணமான முதல் வருஷம் இப்படி இல்லை. தலை தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை, அவ்வளவுதான் அக்காவைப் பார்த்தோம். மாமாவின் அம்மா அந்த வீட்டைக் கண்ணாலேயே ஆண்டுகொண்டிருந்தார். சத்தம் போடமாட்டார், அடிக்கமாட்டார், ஒரு பார்வை பார்ப்பார். "கட்டிக்கினு வந்தவளுக்குப் பொழுதன்னிக்கும் பொறந்த வூட்டு நெனப்பு எதுக்கு?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா துணிந்து, "இவள ஒரு நாள் அழைச்சிக்கினு போயிட்டு வந்துடறேன்" என்று சட்டையைப் போட்டிருக்கிறார். உடனே அவருடைய அம்மாவுக்கு நெஞ்சுவலி. மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் வலி நின்றுவிட்டது. இதை அக்கா எங்களுக்குச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அம்மா சிரிக்கவில்லை. அக்காவின் இடம் காலியாகிப் போன வீட்டில் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் என் அக்கா அப்படிப்பட்ட வாயாடி. காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். தண்ணீர்க் குழாயில் நடந்த சண்டை, ஷேர் டெம்போவில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எதிர்வீட்டில் என்ன வதக்குகிறார்கள், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, சொன்னதில் எது சரியில்லை என்று தனக்குத்தானே மறுப்பும் சொல்வாள். கரண்ட் போனால் எங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட்டதே இல்லை. அவள் போன பிறகுதான் வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

அப்புறம் ஒரு விலையேற்றம் வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னறிவிப்பு இல்லாமல், மாமாவின் பைக் எங்கள் வாசலில் நின்றது. பின்னால் அக்கா. அவள் மடியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்.

"டேங்க ரொப்பிக்கினு, கேன்லயும் கொஞ்சம் புடிச்சிக்கினு போவலாம்னு வந்தேன் அத்த. அந்தப் பக்கம் வெல தாங்கல. கேன புடிச்சிக்க ஒரு ஆளு வேணுமில்ல, அதான் இவளையும் இட்டாந்தேன்" என்றார் மாமா.

அம்மா அந்தக் கேனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயில் கலசத்தைக்கூட அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இது வழக்கமாகிவிட்டது. காலையில் வருவார்கள். வாசலில் இறங்கும்போதே அக்கா பாதிக் கதையில் இருப்பாள். வீராம்பட்டினத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மா எங்களுக்கென்று வஞ்சிரம் எடுத்து வைத்திருப்பார். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, வெயில் தாழ்ந்ததும் டவுனுக்குப் போய் பெட்ரோல் போட்டுக்கொண்டு அப்படியே ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

கனகசெட்டிக்குளத்துப் பக்கமே பங்க் இருக்கிறதே, அங்கேயே போட்டுக்கொண்டு திரும்பலாமே என்று விவரமானவர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது கடலோரத்து பங்க்கு. உப்புக் காத்து பட்ட பெட்ரோலு இன்ஜினுக்கு ஆவாது" என்றார். அவர் மரக்காணத்து உப்பளத்தில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். உப்பைப் பற்றி அவர் சொன்னால் நாங்கள் என்ன சொல்ல முடியும்? அம்மா அதைத் தெரு முழுக்கப் பரப்பினாள். கொஞ்ச நாள் எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேர் கடலோரக் காலாப்பட்டுப் பக்கம் போனால்கூடப் பெட்ரோல் போடாமல் வந்தார்கள்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஒரு நாள் வேலைக்குப் போகும்போது டெம்போவில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். மரக்காணத்திலிருந்து இங்கே வரவும், திரும்பிப் போகவும் வண்டி குடிக்கிற பெட்ரோல். டேங்கிலும் கேனிலுமாக அவர் மிச்சம் பிடிக்கிற காசு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வண்டி குடித்ததுதான் ஜாஸ்தி. மனுஷன் வாராவாரம் நஷ்டத்துக்குப் பெட்ரோல் வாங்கிக்கொண்டு, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்! டெம்போவில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். கரண்டி என் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"இத அவர் காதுல போட்ட, ஒன் காத அறுத்துடுவேன்."

"இல்லம்மா, கணக்கு..."

"கணக்காவது மண்ணாவது. கணக்கு பாத்தா என் பொண்ணு வருவாளா?"

அப்பாவுக்கும் அதே உத்தரவு. பாவம், அவர்தான் ரொம்பக் கஷ்டப்பட்டார். மில் ஓடிய காலத்தில் சங்கத்தில் இருந்தவர் அவர். நிர்வாகம் எந்தக் கணக்கைக் காட்டினாலும் அதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவருடைய சந்தோஷமே. மில் மூடி, ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்த பிறகு அவருக்கு ஓட்டை கண்டுபிடிக்கக் கணக்கே கிடைக்கவில்லை. இப்போது இவ்வளவு பெரிய ஓட்டை வாராவாரம் பைக்கில் ஏறி வீடு தேடி வருகிறது, வாயைத் திறக்கக் கூடாது! மாமா சாப்பாட்டுக்கு நடுவே "போன வாரமும் நல்ல மிச்சம் மாமா" என்பார். அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவார்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் விலை இன்னும் மோசமாக ஏறியது. அந்தச் சமயத்தில்தான் கடல் பேச்சும் கிளம்பியது. நம் கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதாம், தோண்டப் போகிறார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பீச்சில் நடக்கப் போன யாரோ தூரத்தில் ஒரு பெரிய கப்பல் நிற்பதைப் பார்த்தார்களாம். அது வெறும் சரக்குக் கப்பலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குள் தெருமுனைக் கூட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு கட்சி, தோண்டினால்தான் விலை இறங்கும் என்றது. இன்னொரு கட்சி, தோண்டினால் கடல் செத்துவிடும் என்றது. மூன்றாவது கட்சி, தோண்டலாம், ஆனால் அடுத்த ஆட்சியில் தோண்டலாம் என்றது. அடுத்த ஆட்சி தங்களுடையது என்று அவர்களுக்கு நம்பிக்கை.

நான் அப்போது வில்லியனூர் ரோட்டில் ஒரு டிடிபி சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரப்பு நோட்டீஸும் எங்களிடம்தான் வந்தது. காலையில் தோண்ட வேண்டும் என்கிறவர்கள் வந்தார்கள். அவர்கள் எழுதிக்கொண்டு வந்தது சப்பென்று இருந்ததால் நானே நாலு ஆச்சரியக்குறியும் 'பொங்கி எழுவீர்' என்ற வரியும் சேர்த்துக் கொடுத்தேன். மத்தியானம் தோண்டக் கூடாது என்கிறவர்கள் வந்தார்கள். மறுபடி முதலிலிருந்து அடிப்பானேன் என்று, காலையில் அடித்ததையே எடுத்து 'வேண்டும்' இருந்த இடத்தில் எல்லாம் 'வேண்டாம்' என்று மாற்றினேன். இரண்டு தரப்பும் படித்துப் பார்த்துவிட்டு, கருத்து சும்மா நச்சென்று இருக்கிறது என்று பாராட்டினார்கள். அன்றோடு எனக்கு அரசியல்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. என் எழுத்தின்மேல் கூடிவிட்டது.

இந்தச் சண்டை எங்கள் வீட்டுச் சாப்பாட்டிலும் வந்து உட்கார்ந்தது. மாமா தோண்டும் கட்சி. அப்பா, கேட்க வேண்டுமா, தோண்டாத கட்சி.

"எண்ணெ நம்ம வாசல்லயே இருக்குது. நாம எங்கியோ பாலைவனத்துக்காரன்கிட்ட போயி கையேந்தறோம். இது என்னா நாயம் மாமா?" என்பார் மாமா.

"எடுக்கறது யாரு மாப்ள? கம்பெனி. எண்ணெ யாருக்கு? கம்பெனிக்கு. ஒங்களுக்கு என்னா வரும்? பொகை வரும்" என்பார் அப்பா.

எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சத்தம் தாங்காமல் எட்டிப் பார்த்து, "அங்கெல்லாம் இதவிட வெல ஜாஸ்தி முசியே" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். பிரான்ஸிலிருந்து பென்ஷன் வரும் வரைக்கும் அவருக்கு எந்தக் கடலில் தோண்டினாலும் கவலையில்லை.

அம்மாவுக்கு முதலில் இதில் அக்கறையே இல்லை. ரசம் ஊற்றிக்கொண்டே சும்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் மாப்ள, அந்த எண்ணெ வந்துடுச்சின்னா வெல எப்பிடி ஆவும்?"

"நல்லா கொறையும் அத்த. அப்பறம் நாடு பூரா ஒரே வெலதான்."

"அந்தப் பக்கம், இந்தப் பக்கம் எல்லாம்?"

"பக்கம் ஏது அத்த? மரக்காணத்துலயே சல்லிசா கெடைக்கும்."

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. நான் கீழே குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிட்டால் காது போய்விடும்.

அடுத்த நாளே அம்மா கடலைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டாள். வாசலில் மீன்காரம்மாவைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தாள். மீன்காரம்மா வீட்டில் போட் இருந்தது. அவர் கோபத்தில் இருந்தார். "ஒரு பக்கம் டீசல் வெலய ஏத்தறான், இன்னொரு பக்கம் கடலையே கேக்கறான். அங்க கம்பத்த நட்டுட்டு கிட்ட வராதன்னா நாங்க வலைய எங்க போடறது? ரோட்டுலயா?" என்றார். அவருக்கு அது வயிற்றுப் பிரச்சினை. டீசல் குறைந்தாலும் வேண்டும், கடலும் வேண்டும். இரண்டில் எதைக் கேட்பது என்று தெரியாமல் கண் கலங்கினார். அதைப் பார்த்து எனக்கு, காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றுமாக நோட்டீஸ் அடித்துக்கொடுத்தது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் வரேன்க்கா ஊர்வலத்துக்கு" என்றாள். அவர் நெகிழ்ந்து போனார். தன் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு தாய் வங்கக் கடலுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

போனாள். மீனவப் பெண்களோடு வெயிலில் டவுன் முழுக்க நடந்தாள். முன்வரிசையில் நின்று கோஷம் போட்டாள். அப்பா வாழ்நாள் முழுக்கக் கொடி பிடித்தவர், ஒரு நாளும் எந்த டிவியிலும் வந்ததில்லை. அம்மா போன முதல் ஊர்வலத்திலேயே லோக்கல் கேபிள்காரன் மைக்கை அவளிடம் நீட்டிவிட்டான். ஏன் எதிர்க்கிறீர்கள் என்று கேட்டான். அம்மா மைக்கைப் பிடுங்காத குறையாகப் பேசினாள்: "ஞாயித்துக்கெழம மாப்ள வராரு. மீன் இல்லன்னா அவருக்கு என்னாத்தப் போடுவேன்? எவனாச்சும் வந்து சொல்லட்டும்!" பின்னால் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். கேபிளில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அப்பா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, "சங்கத்துல ஒன்ன சேத்திருந்தா மில்ல மூடியிருக்க மாட்டானுங்க" என்றார். அது கிண்டலா பாராட்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கடலில் யாரும் தோண்டவில்லை. கப்பலும் ஒரு நாள் காணாமல் போனது. அது அம்மாவின் வெற்றி என்று அம்மா நினைத்தாள். அப்போதுதான் வேறு பக்கத்திலிருந்து இடி விழுந்தது.

ஊரில் பெட்ரோல் தட்டுப்பாடு வரப்போகிறது என்று புரளி கிளம்பியது. எல்லா வண்டியும் பங்க்குக்கு ஓடியது. வரிசை ரோடு வரைக்கும் நின்றது. பெண்களுக்கென்று தனி வரிசை போட்டார்கள், அது மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்தது. ஆட்கள் குடத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்ததும் பங்க்குகளில் ஒரு போர்டு தொங்கியது: கேனில் பெட்ரோல் தரப்பட மாட்டாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா டவுனில் முதலில் பெட்ரோல் போட்டுவிடலாம் என்று நேரே அங்கே போய்விட்டு, மத்தியானத்துக்குத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவின் மடியில் கேன் காலியாக இருந்தது. அவள் பேசாமல் இறங்கினாள். கேனைச் சுவரோரம் வைத்தாள். அம்மா அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"கேன்ல குடுக்க மாட்டானாம் அத்த. இனிமே டேங்க்ல மட்டும்தான்" என்றார் மாமா.

கேன் இல்லை என்றால் கேன் பிடிக்க ஆள் தேவையில்லை. அடுத்த வாரத்திலிருந்து அக்கா மரக்காணத்தில் இருப்பாள், தீபாவளிக்கு வருவாள். அம்மா உள்ளே போய்க் குழம்பைக் கிண்டினாள். கிண்ட வேண்டிய குழம்பே இல்லை அது, மீன் உடைந்துவிடும். ஆனாலும் கிண்டினாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். மாமாவுக்கு எரிச்சல். வழக்கம்போலக் கடலுக்குப் போனார்.

"அன்னிக்கே கடல்ல எண்ணெய எடுத்திருந்தா இன்னிக்கு இந்த நெலம வருமா? எல்லாரும் சேந்து தடுத்துப்புட்டாங்க. நம்ம வூட்லயே மைக்கு புடிச்சிப் பேசினாங்க."

அம்மாவைச் சொன்னதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவளும் அன்றைக்கு அவரைத் தடுக்கும் நிலையில் இல்லை. இத்தனை மாதமாகத் தோட்டத்துப் பக்கம் போய் முழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"மாப்ள! நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. அங்கேர்ந்து இங்க வர எவ்ளோ பெட்ரோலு எரியுது? திரும்பிப் போவ எவ்ளோ? அதயும் காசு குடுத்துத்தான ஊத்தறீங்க? நீங்க மிச்சம் புடிக்கிறதவிட வழியில எரிக்கிறதுதான் ஜாஸ்தி மாப்ள! எண்ணெ கடல்ல இருந்தா என்னா, கெணத்துல இருந்தா என்னா, ஒங்க கணக்குலயே ஓட்ட இருக்குது!"

சொல்லி முடித்ததும் அப்பாவுக்கே முகம் வெளுத்துவிட்டது. அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். குழம்பு தரையில் சொட்டியது. இவ்வளவு நாள் சிரிப்பாக இருந்த விஷயம் இப்போது சிரிப்பாக இல்லை.

மாமா வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

"தெரியும் மாமா" என்றார்.

"என்னா தெரியும்?"

"நஷ்டம்னு தெரியும். ரெண்டாவது வாரமே போட்டுப் பாத்துட்டேன். சரக்கு லாரி எடயில காலி லாரி எடயக் கழிக்கிறதுதான மாமா என் பொழப்பே. இது கூடவா தெரியாது?"

"அப்பறம் என்னாத்துக்கு..."

"எங்கம்மாவுக்குத் தெரியாது. மாமியா வூட்டுக்குப் போறன்னு சொன்னா அதுக்கு நெஞ்சு வலிக்கும். நாலு காசு மிச்சம்னு சொன்னா வலிக்காது. சனிக்கெழமயே அதுவே கேனக் கழுவி வெய்யில்ல கவுத்து வெச்சிடும்."

நான் மெதுவாகக் கேட்டேன். "அந்த உப்புக் காத்து?"

"அது நானே யோசிச்சது" என்றார், கொஞ்சம் பெருமையாக.

அப்பா இன்னும் விடவில்லை. "அப்ப கடல்ல தோண்டணும், தோண்டணும்னு கத்தினதெல்லாம்?"

"பெட்ரோல் பைத்தியம்னு பேரெடுத்துட்டு, தோண்ட வேணாம்னு சொன்னா ஊர்ல சந்தேகப்பட மாட்டானா? வேஷம் கட்டுனா முழுசா கட்டணும் மாமா. அதோட, நான் சரின்னு ஒத்துக்கிட்டா நீங்க ரெண்டு வாயி சாப்ட்டுட்டு படுத்துடுவீங்க. அப்பறம் எனக்கு இங்க என்னா பொழுது போவும்?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாயை அடைத்திருக்கிறாள்! "அப்ப இவ்ளோ நாளா தெரிஞ்சே நஷ்டப்பட்டுக்கினா வந்தீங்க மாப்ள?" என்றாள்.

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இவ பேசறதே இல்ல அத்த."

எங்களுக்குப் புரியவில்லை. யார் பேசுவதில்லை? என் அக்காவா?

"எதுனா கேட்டா தலைய ஆட்டுவா. சாப்பாடு ஆயிடுச்சின்னா வந்து நிப்பா. அவ்ளோதான். எங்கம்மா எதிர்ல வாயத் தெறக்க பயம். நான் கூட ஊமப் பொண்ண கட்டிக்கிட்டோம்னுதான் நெனச்சேன். தல தீவாளிக்கு இங்க வந்தப்பதான் இவ பேசிக் கேட்டேன். இது நம்ம பொண்டாட்டிதானான்னு ஆயிடுச்சு. இப்பல்லாம் வண்டி கனகசெட்டிக்குளம் தாண்டுனதும் பின்னாலேர்ந்து ஆரம்பிச்சிடுவா. ஒரு வாரத்துக் கதை. அதுக்குத்தான் மெதுவா ஓட்டுவேன். திரும்பிப் போறப்ப எல்லைக்கிட்ட வந்ததும் கப்புனு நின்னுடும்."

அக்கா அங்கேயும் இப்படித்தான் பேசிக் குவித்துக்கொண்டிருப்பாள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அவள் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரில் உள்ள அத்தனை பேர் கதையையும் சொன்னவள் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்த நெஞ்சுவலிக்காரம்மாவை நாலு கேள்வி கேட்க வேண்டும் போல ஆத்திரமாகவும் இருந்தது. அப்பா மாமாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, தனக்கென்று எடுத்து வைத்திருந்த மீனையும் மாமாவின் தட்டில் போட்டாள்.

"மீனு ஆறிப் போவுது, சாப்புடுங்க மொதல்ல" என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா தொண்டையைச் செருமினார். சங்கத்துக் கூட்டத்தை ஆரம்பிக்கும்போது இப்படித்தான் செருமுவாராம். "சரி, கேனு போச்சு. அடுத்த வாரத்துக்கு என்னா சொல்றது? எல்லாரும் யோசிங்க" என்றார். எல்லோரும் யோசித்தோம். அம்மா தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என்றாள். நெஞ்சுவலியிடம் உடம்பு சரியில்லை எடுபடாது என்று மாமா மறுத்துவிட்டார். அப்பா கோர்ட், நோட்டீஸ் என்று எங்கேயோ போனார். கடைசியில் என் கோணல் புத்திதான் உதவியது. கேன் பிடிக்க ஆள் வேண்டாம், சரி. ஆனால் ஆண்கள் வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது, பெண்கள் வரிசை சின்னது. பொண்டாட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு அதில் நின்றால் சீக்கிரம் பெட்ரோல் கிடைக்கும், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்தாலும் கிடைக்காது என்று போய்ச் சொல்லுங்கள் என்றேன். அப்பா ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். "இதுல ஓட்ட இல்ல" என்றார்.

அந்த வாரம் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரக்காணத்தில் அது எடுபட்டதா இல்லையா என்று கேட்கவும் வழியில்லை. போன் போட்டால் எடுப்பது அந்த நெஞ்சுவலிக்காரம்மாவாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வஞ்சிரம் வாங்கி வைத்துவிட்டு, கழுவாமல், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். வழக்கமாக வரும் நேரம் தாண்டிப் போனது. அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தெருமுனையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இப்பிடியா ஓட்டுவாங்க வண்டிய? எருமமாடு நம்மள தாண்டிக்கினு போவுது! எங்கம்மா மீன வாங்கி வெச்சிக்கினு காத்துக்கினு இருக்கும்..." என்று மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே வந்தாள் என் அக்கா. மாமா வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினார்.